கரும்பலகையில் நான் எழுதிய 211

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் முழுதாகப் படியுங்கள். உங்கள் வீட்டு ஊறுகாய் பாட்டிலைப் பற்றியது. என் தவறு ஒன்றைப் பற்றியதும்கூட.

போன ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம், என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். பெயர் வேண்டாம். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். புளியங்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். மகளிர் குழுவில் கடன் வாங்கி, நாலு வருஷமாக எலுமிச்சை ஊறுகாய் போட்டு விற்கிறாள்.

"டீச்சர், நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போக முடியுமா? போன்ல சொல்லுத விஷயம் இல்ல."

மறுநாள் போனேன். வீட்டுத் திண்ணையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. திருநெல்வேலியில் ஒரு பெரிய கடையிலிருந்து திருப்பி அனுப்பிய 140 பாட்டில் பூண்டு ஊறுகாய். ஒவ்வொரு மூடியும் நடுவில் உப்பியிருந்தது. ஒன்றைத் திறந்தாள். சோடா பாட்டில் திறந்ததுபோல் புஸ்ஸென்று காற்று வந்து, எண்ணெய் நுரைத்து வழிந்தது.

லேபிளைப் பார்த்தேன். பச்சை இலைப் படம். அதன் கீழே பெரிய எழுத்தில் "நோ பிரசர்வேட்டிவ்ஸ்". பக்கத்திலேயே "12 மாதம் வரை கெடாது".

"எதுவுமே போடலியா பிள்ளே?" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. உள்ளே போய், அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஒரு பாலித்தீன் பொட்டலத்தை எடுத்து வந்தாள். வெள்ளைத் தூள். பெயர் இல்லை, தேதி இல்லை. டவுனில் ரசாயனக் கடையில் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தது.

"சோடியம் பென்சோயேட்டுன்னு சொன்னாங்க. பத்துக் கிலோவுக்கு ஒரு ஸ்பூன் போட்டேன் டீச்சர். கடைக்காரங்க ஒரு வருஷம் தாங்கணும்னு கேக்காங்க. லேபிள்ல போட்டா விக்காதுங்காங்க. நீங்கதானே சொன்னீங்க, 211-ன்னு இருந்தா அது விஷம்னு. எப்படி டீச்சர் நான் அதை லேபிள்ல போடுவேன்?"

நான்தான் சொன்னேன். மறுக்க முடியாது.

எங்கள் பள்ளியில் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்துக்கு நான்தான் பொறுப்பாசிரியை. வருஷா வருஷம் பிள்ளைகளைக் காலி பாக்கெட்டுகள் கொண்டுவரச் சொல்லி, பின்பக்கம் உள்ள எண்களைக் கரும்பலகையில் எழுதுவேன். 202, 211, 223. சிவப்புச் சுண்ணக்கட்டியால் சுற்றி வட்டம் போட்டு, மேலே "விஷம்" என்று எழுதுவேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஒரு வேதியியல் ஆசிரியைக்கு வகுப்பு முழுக்கத் தன்னை இப்படிப் பார்ப்பது அபூர்வம். அந்த ருசியில் நான் அளவைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். அளவைச் சொன்னால் அந்த பயம் குறைந்துவிடும் என்று சொல்லாமல் விட்டேன்.

அன்று திண்ணையிலேயே கணக்குப் போட்டோம். அவள் போட்ட ஸ்பூனால் ஒரு ஸ்பூன் தூளை எடுத்து, தெருமுனை நகைக்கடைத் தராசில் நிறுத்தோம். 5 கிராம். ஊறுகாயில் பென்சாயிக் அமிலம் கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. சோடியம் பென்சோயேட் 1.18 கிராம் என்றால் அதில் பென்சாயிக் அமிலக் கணக்கு 1 கிராம். அப்படிப் பார்த்தால் அவள் ஊறுகாயில் கிலோவுக்கு 420 மில்லிகிராம் இருந்தது. சட்டம் சொன்ன அளவைத் தாண்டியாயிற்று. லேபிளில் பொய்யும் எழுதியாயிற்று. அப்புறமும் ஊறுகாய் கெட்டுப்போயிருக்கிறது.

ஏன் கெட்டது?

கையில் கொண்டுபோன பிஹெச் தாளை எடுத்தேன். பூண்டை நசுக்கி அதில் தொட்டேன். 5-க்கு மேல் காட்டியது. அங்கேதான் விஷயம் இருந்தது.

பென்சோயேட் எல்லா இடத்திலும் வேலை செய்கிற மருந்து இல்லை. புளிப்பு இருந்தால்தான் அது அமில வடிவத்துக்கு மாறும். அமில வடிவத்தில்தான் பூஞ்சை, ஈஸ்ட் இவற்றின் செல்லுக்குள் நுழையும். பிஹெச் 4.2 என்றால் போட்டதில் பாதி வேலை செய்யும். 3.2 என்றால் பத்தில் ஒன்பது பங்கு. 5.2 என்றால் பதினொன்றில் ஒரு பங்குதான். எலுமிச்சை ஊறுகாயின் பிஹெச் 3-ஐத் தொடுவதே கஷ்டம். நாலு வருஷமாக அவளைக் காப்பாற்றியது எலுமிச்சையின் புளிப்பும் உப்பும்தான். அதே செய்முறையைப் பூண்டுக்குப் போட்டாள். கடைக்காரர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று உப்பையும் குறைத்தாள். பூண்டில் புளிப்பு கிடையாது. காவலுக்கு ஆள் போட்டாள், ஆனால் அவன் தூங்கிவிட்டான்.

மூடி உப்பியது நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்வேன். உப்பாமலே வேறொன்று நடந்திருக்கலாம். பிஹெச் 4.6-க்கு மேல், காற்றுப் புகாத எண்ணெய்க்குள், கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா வளரும். அதன் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். நிறமோ நாற்றமோ மாறாமலேயும் அது இருக்கக்கூடும். 1985-இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்டு வைத்த பூண்டைச் சாப்பிட்டு முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் விழுந்தார்கள். இதை அவளிடம் சொன்னபோது அவள் முகம் வெளிறிப்போனது. "எம்பிள்ளைங்களும் இதைத்தான் டீச்சர் தொட்டுச் சாப்பிட்டுச்சுங்க" என்றாள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பின்பக்கம் பள்ளம் தோண்டி 140 பாட்டிலையும் கொட்டி மூடினோம். அவள் கணக்கில் 15,000 ரூபாய்க்கு மேல். குழுவில் அந்த மாதத் தவணை பாக்கி நின்றது.

வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அந்தப் பொட்டலம் கண்முன் நின்றது. ரசாயனக் கடைக்காரரிடம் மறுநாள் போனில் கேட்டதில், மூட்டை சீனாவிலிருந்து வந்தது என்றார். அதில் ஆச்சரியம் இல்லை. இன்று உலகத்தின் பென்சோயேட்டிலும் சோர்பேட்டிலும் பெரும்பங்கு சீன ஆலைகளில்தான் தயாராகிறது.

ஆனால் இந்தப் பொருளின் ஆதி கதை தெரியுமா? உங்கள் பூஜை அறையில் இருக்கிறது. சாம்பிராணி!

சுமத்ரா தீவிலும் லாவோஸ் பக்கமும் வளரும் மரங்களின் பிசின் அது. அரபு வணிகர்கள் அதை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாவின் வாசனைப் பிசின் என்றார்கள். ஐரோப்பியர் வாயில் அது தேய்ந்து பென்சாயின் ஆனது. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். அதிலிருந்து வந்த பெயர்தான் பென்சீன். சுமத்ராவின் பாருஸ் பக்கம் லோபு துவா என்ற இடத்தில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பெயர்பெற்ற கரை அது. முப்பது வருஷம் பென்சீன் வளையத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். அது சாம்பிராணிப் புகையிலிருந்து வந்த பெயர் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

இன்று யாரும் பிசினிலிருந்து எடுப்பதில்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டொலுவீனைக் காற்றோடு வினைபுரியவைத்து பென்சாயிக் அமிலம் செய்கிறார்கள். அதைக் காரத்தால் நடுநிலையாக்கினால் சோடியம் பென்சோயேட். பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தான். மூலப்பொருளும் பெரிய ஆலையும் இருக்கிற இடத்துக்குத் தொழில் போய்விடும்.

சோர்பேட்டின் கதை இன்னும் சுவாரசியம். 202 என்று போட்டிருக்குமே, அதுதான். ஒரு காலத்தில் ஜப்பான் கம்பெனிகள் நாலும் ஜெர்மன், அமெரிக்கக் கம்பெனிகளும் சேர்ந்து அந்தச் சந்தையைக் கையில் வைத்திருந்தன. 1979 முதல் 1996 வரை ரகசியமாகக் கூடிப் பேசி விலை நிர்ணயித்து வந்தார்கள். பிறகு அகப்பட்டு, அமெரிக்காவில் கோடிக்கணக்கில் அபராதம் கட்டினார்கள். உலகம் முழுக்க ரொட்டி, சீஸ், பழச்சாறு வாங்கியவர்கள் அத்தனை வருஷமும் தெரியாமலே கூடுதல் விலை கொடுத்திருக்கிறார்கள். பிறகு சீன ஆலைகள் வந்தன, விலை சரிந்தது, பழைய ஆட்கள் பலர் ஒதுங்கினார்கள்.

ஆசியாவில் இந்தத் தொழில் ஏன் இப்படி வளர்கிறது என்று யோசித்தேன். பதில் என் வீட்டிலேயே இருந்தது.

என் அம்மா பரணில் வைத்திருந்த ஜாடியில் ஊறுகாய் இரண்டு வருஷம் இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கல்லுப்பு. மேலே இரண்டு விரல் உயரம் நல்லெண்ணெய். ஈரக்கை படக்கூடாது. மரக்கரண்டிதான். தொட்டுக்கொள்வது ஒரு துளி. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பதை நாம் ருசிக்காகச் சொன்னதாக நினைக்கிறோம். உப்பில்லாவிட்டால் கெட்டுக் குப்பைக்குத்தான் போகும் என்பதும் அதில் இருக்கிறதே!

இன்று என் வீட்டுக்காரருக்குப் பிரஷர். உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். உலக சுகாதார நிறுவனமும் நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது. மகன் வெளியூரில். மருமகள் வேலைக்குப் போகிறாள், ஊறுகாய் போட நேரம் இல்லை. கடையில் வாங்குவாள். அந்தக் கடைக்கு பாட்டில் 600 கிலோமீட்டர் லாரியில், வெயிலில் போகிறது. அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கிறது. வாங்கிய பிறகும் ஈரக்கரண்டி போடுகிறோம்.

உப்பு குறைவாக வேண்டும். எண்ணெய் குறைவாக வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்காமல் தாங்க வேண்டும். ஒரு வருஷம் கெடக்கூடாது. ரசாயனம் எதுவும் கூடாது. விலையும் குறைவாக இருக்க வேண்டும்.

இத்தனையும் ஒரே பாட்டிலில் கேட்கிறோம். தர முடியாது. உணவை யாராவது காவல் காக்க வேண்டும். உப்போ, புளிப்போ, சர்க்கரையோ, எண்ணெயோ, சூடோ, குளிரோ, 211-ஓ. ஒருவரை வெளியே அனுப்பினால் இன்னொருவரை வேலைக்கு எடுக்க வேண்டும். சியோலிலும் ஷாங்காயிலும் சென்னையிலும் குடும்பங்கள் ஜாடியை விட்டுப் பாக்கெட்டுக்கு வந்தபோது ஆசியா முழுக்க நடந்தது இந்த ஆள்மாற்றம்தான்.

நம் சட்டத்தில் இதற்கு ஒரு நல்ல பிரிவு இருக்கிறது. உப்பு, சர்க்கரை, வினிகர், தேன், மசாலா, சமையல் எண்ணெய் எல்லாம் முதல் வகுப்புக் காப்புப்பொருட்கள். இவற்றுக்குப் பொதுவாகக் கட்டுப்பாடு இல்லை. பென்சோயேட், சோர்பேட், சல்பைட், நைட்ரைட் எல்லாம் இரண்டாம் வகுப்பு. இவற்றுக்கு அளவு உண்டு. பொதுவாக ஒரு பொருளில் ஒன்றுக்கு மேல் போடவும் கூடாது. "கிளாஸ் 2 பிரசர்வேட்டிவ்" என்று பாட்டிலில் போட்டிருப்பது இதைத்தான். மட்டமான சரக்கு என்று அர்த்தமில்லை. அப்படிப் பார்த்தால் "நோ பிரசர்வேட்டிவ்ஸ்" என்று எழுதிய எந்த ஊறுகாயும் கறாராக உண்மை இல்லை. உப்பே ஒரு பிரசர்வேட்டிவ்தான்.

அதற்காக எல்லா எண்ணும் சாது என்று நான் இப்போது தலைகீழாகப் பேச வரவில்லை. ஜப்பானில் ஏஎஃப்-2 என்று ஒரு காப்புப்பொருள் இருந்தது. 1965-இல் அனுமதித்தார்கள். டோஃபுவிலும் மீன் சாசேஜிலும் தாராளமாகப் போட்டார்கள். அது மரபணுக்களில் மாற்றம் உண்டாக்குவது தெரியவந்து 1974-இல் தடை செய்தார்கள். ஒன்பது வருஷம் ஒரு நாடே சாப்பிட்டிருக்கிறது. சமீபத்தில் சீனா டிஹைட்ரோஅசிட்டேட் என்ற காப்புப்பொருளை ரொட்டி, கேக், பழச்சாறு இவற்றிலிருந்து நீக்கியது. ஊறுகாய்க் காய்கறிகளில் கிலோவுக்கு 1 கிராம் என்று இருந்ததை 0.3 கிராமாகக் குறைத்தது. 2025 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறை. சல்பைட் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. பொன்னிற உலர் திராட்சையில் அது இருக்கும். மீனிலும் பாலிலும் ஃபார்மலின் ஊற்றுகிறார்களே, அது எந்த வகுப்பிலும் இல்லை. அது குற்றம்.

ஆக, அனுமதி என்பது ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடுவதில்லை. திரும்பத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். பரிசோதிக்க வேண்டுமானால் என்ன போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்று தெரிய வேண்டும். ஒளித்து வைத்ததை யார் பரிசோதிப்பது?

இப்போதைய போக்கு "இயற்கை" என்பது. ஜப்பானில் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பாலிலைசின் எடுத்து, டப்பா சாதத்தில் போடுகிறார்கள். பாலில் வாழும் பாக்டீரியாவிலிருந்து நிசின். நல்ல முயற்சிகள்தான். ஆனால் பென்சாயிக் அமிலம் லவங்கப்பட்டையிலும் இயற்கையாகவே இருக்கிறது. மூலக்கூறுக்குத் தான் மரத்திலிருந்து வந்தோமா ஆலையிலிருந்து வந்தோமா என்று தெரியாது. ஜப்பானிலேயே, "காப்புப்பொருள் சேர்க்கவில்லை" என்று எழுதிவிட்டு அதே வேலையைச் செய்யும் வேறு பொருளைச் சேர்ப்பது மக்களைக் குழப்புகிறது என்று, 2022-இல் அரசு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. படித்தபோது புளியங்குடித் திண்ணையும் பச்சை இலை லேபிளும்தான் நினைவுக்கு வந்தன.

தை மாதம் மறுபடி போனேன். இந்தமுறை இரண்டு பொருள் வாங்கிப் போனேன். ஒரு பேனா அளவு பிஹெச் மீட்டர். 0.1 கிராம் வரை காட்டும் ஒரு சின்னத் தராசு. இரண்டும் சேர்த்து என் ஒரு மாதக் காய்கறிச் செலவுகூட ஆகவில்லை.

உரித்த பூண்டை முதலில் உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஊறவிட்டோம். தினம் ஒரு பல்லை எடுத்து அரைத்துப் பார்த்தோம். வெளியே புளித்தால் போதாது, பல்லின் நடுவரை புளிப்பு இறங்க வேண்டும். அது 4-க்குக் கீழே வந்த பிறகுதான் அடுப்பு பற்றவைத்தோம். மூட்டைத் தூளைத் தூர எறிந்துவிட்டு, உணவுத் தரம் என்று அச்சிட்டு, தேதி போட்ட பாக்கெட் வாங்கினோம். பத்துக் கிலோவுக்கு 2.5 கிராம். அளவுக்கு உள்ளேதான். கொதித்து ஆறிய கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, சீராகக் கலந்தோம். நேராக எலுமிச்சைச் சாற்றில் கொட்டினால் அமிலமாகப் பிரிந்து திரிதிரியாய் நின்றுவிடும். ஒரு ஸ்பூனில் எல்லாம், இன்னொரு ஸ்பூனில் ஒன்றுமில்லை என்று ஆகும்.

அவள் ஒரு நோட்டுப் போட்டாள். தேதி, எடை, பிஹெச், எத்தனை கிராம். பழைய லேப் ரெக்கார்டு நோட்டு மாதிரியே வலப்பக்கம் மட்டும் எழுதியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது.

லேபிளும் மாறியது. பூண்டு ஊறுகாயில் "கிளாஸ் 2 பிரசர்வேட்டிவ் 211 சேர்க்கப்பட்டது. 6 மாதத்துக்குள் பயன்படுத்தவும்." எலுமிச்சை ஊறுகாயில் 211 இல்லை, தேவையுமில்லை. அங்கே "உப்பும் எலுமிச்சைப் புளிப்பும் காக்கின்றன" என்று எழுதினாள். அது அவளுடைய வாசகம். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கதை சுபம் என்று முடிக்க ஆசைதான். திருநெல்வேலிக் கடைக்காரர் புது லேபிளைப் பார்த்துவிட்டு, "இதை எழுதினா யாரும் எடுக்க மாட்டாங்கம்மா, அந்தப் பழைய லேபிளே ஒட்டிக் குடுங்க" என்றாராம். இவள் முடியாது என்று வந்துவிட்டாள். பெரிய கடை போயிற்று. இப்போது உள்ளூரில் இரண்டு கடை, ஒரு கல்லூரி விடுதி. முன்பு விற்றதில் பாதிகூட இல்லை. குழுக்கடன் இன்னும் ஆறு மாதம் இழுக்கும்.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"வருத்தம் இருக்கு டீச்சர். ஆனா ராத்திரி போன் அடிச்சா இப்ப பயமில்ல" என்றாள்.

அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வாங்குகிறவர்களைப் பார்த்துப் பேசுகிறார். வாங்குகிறவர்கள் நாம். எண் இருந்தால் வைத்துவிடு, பச்சை இலை இருந்தால் எடு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்னைப் போன்றவர்கள். நான் கெட்ட வார்த்தை ஆக்கிய ஒரு எண்ணை, என்னிடம் படித்த பெண்ணே அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஒளித்து வைத்ததை அவள் நிறுக்கவில்லை. 420 வந்தது அங்கேயிருந்துதான்.

ஓய்வு பெற்றாலும் வாத்தியார் புத்தி போகாது, வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டேன். இன்று உங்கள் சமையலறையில் உள்ள ஊறுகாய், ஜாம், சாஸ் பாட்டில்களைத் திருப்பிப் பாருங்கள். 211, 202, 223, 224 இருந்தால் பதற வேண்டாம். சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குறைவாகத் தொட்டுக்கொள்ளுங்கள், அது உப்புக்கும் சேர்த்து நல்லது. "ஒன்றுமே சேர்க்கவில்லை, ஒரு வருஷம் கெடாது" என்று இருந்தால், பிறகு இதை எது காக்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் உப்பாகவோ புளிப்பாகவோ இருந்தால் சரி. பதிலே இல்லையென்றால் யோசியுங்கள். மூடி உப்பிய பாட்டிலை மட்டும் ருசி பார்க்காதீர்கள். வீட்டில் எண்ணெயில் பூண்டு போட்டு வெளியே வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குத் தனியாக ஒன்று. நுகர்வோர் மன்ற நோட்டில் 211-ஐச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டு "விஷம்" என்று எழுதச் சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். பக்கத்தில் இப்படித் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்: "அளந்து போட்டார்களா? சொல்லிவிட்டுப் போட்டார்களா?"

தாமதமாகத் திருத்தியதற்கு டீச்சரை மன்னித்துவிடுங்கள்.